சிங்களம் தெரிந்தவர்க்கு உரைபெயர்ப்பாளர் எதற்கு?

தோட்டத்துத் தமிழர் தலைமுறை தலைமுறையாகச் சிங்களவரோடு பழகியவர்கள், பதுளைச் சந்தையில் பேரம் பேசுகிறவர்கள், பஸ்ஸிலும் கடையிலும் சிங்களத்திலேயே காரியம் முடிக்கிறவர்கள். ஆதலால் நியாயஸ்தலத்தில் அவர்களுக்கு உரைபெயர்ப்பாளர் அவசியமில்லை என்னும் அபிப்பிராயம் ஊவாவில் ஆழ வேரூன்றியிருக்கிறது. உத்தியோகத்தர் மாத்திரமன்றி நம்மவரில் படித்தவர்களும் இதைப் பெருமிதத்தோடு சொல்வதுதான் என் மனத்தை அதிகம் வருத்துகிறது.

காய்கறிக்கு விலை கேட்கும் சிங்களம் வேறு, குற்றப்பத்திரிகையின் சிங்களம் வேறு. எழுத்துச் சிங்களம் பேச்சுச் சிங்களத்தினின்று வினைமுடிபிலேயே வேறுபடுவது. சிங்களத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குடியானவரே தடுமாறும் அந்த நடையை, மடுல்சீமைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்து வாழும் பெண் எங்ஙனம் விளங்கிக்கொள்வாள்?

தீங்கு நீதிமன்றத்திற்கு முன்பே, பொலிஸ் நிலையத்தில் ஆரம்பமாகிறது. லயத்தில் நடந்த கைகலப்பை அவள் தமிழும் சிங்களமும் கலந்து சொல்ல, எழுதுகிறவர் தமக்கு விளங்கியவாறு சிங்களத்தில் எழுத, வாசித்தறிய இயலாத அந்தத் தாளின் அடியில் அவள் கையொப்பமிடுகிறாள். மாதங்கள் பல கழிந்து, சாட்சிக்கூண்டில் நின்று நடந்ததை நடந்தபடி உரைக்கும்போது, அந்த வாக்குமூலத்தையே எடுத்துக்காட்டி, அன்று சொன்னது ஒன்று இன்று சொல்வது வேறொன்று என்று குறுக்கு விசாரணையில் அவளைப் பொய்ச்சாட்சியாக்கிவிடுகிறார்கள். முரண்பட்ட முற்கூற்றைக் கொண்டு சாட்சியின் நம்பகத்தைத் தாக்க 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் இடந்தருகிறது; ஆனால் முரண்பட்டது அவளுடைய சத்தியமா, எழுதியவரின் தமிழறிவா என்று ஆராய்வார் யார்?

"சிங்களம் புரியும் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்களே" என்பர். உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் வழக்கு மறுதவணைக்குப் போகும். தவணைதோறும் ஒரு நாட்பேர் போகும், பஸ் கூலி போகும், சட்டத்தரணிக்கு மறுபடியும் பணம் கட்டவேண்டும். இவ்வளவையும் எண்ணிப் பார்த்தே அந்த ஏழை தலையசைக்கிறார். வறுமையால் வந்த சம்மதத்தைப் பாஷாஞானத்தின் அத்தாட்சியாகக் கொள்வது அநியாயம். அதிலும், புரிகிறதா என்ற வினாவையே சிங்களத்தில் கேட்பது என்ன முறை?

நாம் யாசகம் கேட்கவில்லை. நீதிமன்றத்தின் மொழியில் பரிச்சயமில்லாத தரப்பினருக்கு, நடவடிக்கைகளை விளங்கிக்கொண்டு பங்குபற்றும்பொருட்டு, அரசே உரைபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் அளிக்கவேண்டுமென்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை விதிக்கிறது. பிறநாட்டு வழக்கொன்றும் இதன் அவசியத்தைக் காட்டும். மொரீசியசில் போதைப்பொருள் வழக்கில் மரணதண்டனை பெற்ற கேரளக் குடியானவர் ஒருவருக்கு, உரைபெயர்ப்பாளர் அருகிலிருந்தும் சாட்சியம் மலையாளத்தில் பெயர்த்துச் சொல்லப்படவில்லை; அவருடைய சட்டத்தரணியும் ஆட்சேபிக்கவில்லை. அவ்வாறிருந்தும் 1993இல் பிரிவிக் கவுன்சில் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது. எதிரியின் சரீரம் மன்றில் இருந்தால் போதாது, நடப்பது அவர் அறிவுக்கு எட்டவேண்டும் என்பதே அதன் நியாயம்.

பல்கேரியர் ஒருவர் இலண்டனில் கைதானால், கடைக்காரரோடு ஆங்கிலம் பேசியவர் என்பதற்காக அவருக்கு உரைபெயர்ப்பாளரை மறுப்பது நியாயமாகுமா? அவராவது அந்நியர். நம் மக்களோ இந்நாட்டுப் பிரஜைகள். அவர்கள் கேட்பது இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்றை. தோட்டத்து வழக்கறிந்த இளைஞர் பசறையிலும் பண்டாரவளையிலும் இருமொழியும் கற்றிருக்க, அவர்களைத் தக்க பயிற்சியளித்து நியமிப்பதற்குத் தடை யாது? நியமனம் வரும்வரை நம் சட்டத்தரணிகள் முதல் தவணையிலேயே எழுத்துமூலம் உரைபெயர்ப்புக் கோரட்டும். மறுக்கப்பட்டால் அந்த மறுப்பும் வழக்கேட்டில் பதிவாகட்டும், மேன்முறையீட்டில் அதுவே முதல் ஆதாரமாகும்.