ரெண்டு டிக்கெட் விலை

சர்ச்சில் ‘தர்ம காரியத்துக்காக ஓர் இசை மாலை’ என்று கமிட்டி தீர்மானம் போட்ட மறுநாளே மூன்று பேர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஒருத்தர் சால்வை வாங்க, ஒருத்தர் ஃப்ளெக்ஸ் அடிக்க, ஒருத்தர் பிரியாணிக்கு அட்வான்ஸ் கொடுக்க. கொயர் மாஸ்டர் பாட ஆள் தேடுவது அதற்கப்புறம்தான். பணம் யாருக்கு என்பதை எல்லாம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது யோசிப்பார்கள். பெரும்பாலும் அப்போது யோசிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

நான் பி.காம். சுருதி, தாளம் தெரியாது. வரவு, செலவு தெரியும். வசூல் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சவுண்ட் சர்வீஸ், லைட் 30 ஆயிரம். பந்தல், நாற்காலி 20. பிரியாணி 25. சால்வை, ஷீல்டு 10. ஃப்ளெக்ஸ், விழா மலர் 10. மிச்சம் 5 ஆயிரம். அதை அனாதை இல்லத்தில் கொடுக்கும் போட்டோவில் பல் தெரிய நிற்பவர்கள் பதினொரு பேர். வகுத்துப் பார்த்தால், ஒரு புன்னகைக்கு சுமார் 455 ரூபாய்!

இதை உருப்படியாகச் செய்த ஆசாமியே கிடையாதா? உண்டு. பெயர் ஹாண்டல். ஜெர்மனியில் பிறந்து லண்டனில் குடியேறிய இசை மேதை. கிறிஸ்துமஸ் சமயத்தில் பெரிய சர்ச்சுகளில் எல்லோரும் எழுந்து நிற்கிற அந்த ‘அல்லேலூயா’ கோரஸ், அவருடைய ‘மெசையா’வில் வருவதுதான்.

‘மெசையா’வின் முதல் அரங்கேற்றம் அயர்லாந்தின் டப்ளின் நகரில், 1742 ஏப்ரல் 13 அன்று நடந்தது. மாலையில் இல்லை சார், பகல் 12 மணிக்கு! லைட் செலவு மிச்சம். பாட வந்தவர்கள் ஊரின் இரண்டு கதீட்ரல் கொயர்க்காரர்கள். எந்தக் கமிட்டியிலும் ‘இதெல்லாம் எதுக்கு?’ என்று முறைக்க ஒரு பெரியவர் இருப்பார் அல்லவா? அங்கே அந்தப் பெரியவர், ‘கலிவரின் பயணங்கள்’ எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட். ஒரு கதீட்ரலுக்கு அவர்தான் தலைமை குரு. அந்த ஜனவரியில், தன் கொயர் ஆட்கள் அந்தத் தெருப் பக்கம் பாடப் போகக்கூடாது என்று தடையே போட்டார். ஏப்ரலுக்குள் எப்படியோ சமாதானமாகி, பாடினார்கள்.

கவனியுங்கள். பணம் யாருக்கு என்பதைப் பதினைந்து நாள் முன்னாலேயே பத்திரிகையில் விளம்பரம் கொடுத்துவிட்டார்கள்: கைதிகளின் நிவாரணத்துக்கு, இரண்டு தர்ம ஆஸ்பத்திரிகளுக்கு. 600 பேர் உட்காரும் ஹாலில் 700 பேரை அடைக்க, பெண்கள் பாவாடைக்குள் வளையம் கட்டாமலும் ஆண்கள் வாள் இல்லாமலும் வரவேண்டும் என்று வேண்டுகோள். (நம் ஊராக இருந்தால் ஹெல்மெட்.) ஹாண்டலும் முக்கியப் பாடகிகளும் கொயர்க்காரர்களும் காசு வாங்கவில்லை.

வசூல் சுமார் 400 பவுண்டு. மூன்று தர்மங்களுக்கும் தலா சுமார் 127. கூட்டினால் 381. ஆக, செலவு போக 95 சதவீதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. நம் பிரியாணிக் கணக்கைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி!

யார் அந்தக் கைதிகள்? கொலைகாரர்கள் இல்லை, கடன்காரர்கள். அந்தக் காலத்தில் சில்லறைக் கடனைக் கட்ட முடியாவிட்டாலும் ஜெயில். உள்ளே இருந்தால் சம்பாதிக்க முடியாது, சம்பாதிக்காமல் வெளியே வரமுடியாது. அந்தப் பணத்தில் 142 பேர் விடுதலையானார்கள். என் பி.காம். புத்தி சும்மா இருக்குமா? 127 பவுண்டை 142-ஆல் வகுத்தேன். ஆளுக்குப் பதினெட்டு ஷில்லிங்கை ஒட்டி வருகிறது. டிக்கெட் அரை கினி, அதாவது பத்தரை ஷில்லிங். ரெண்டு டிக்கெட் விலைக்குள் ஒரு மனுஷன் வீட்டுக்குப் போயிருக்கிறான்! அவன் வீட்டில் அன்றைக்கு என்ன பாட்டு பாடியிருப்பார்கள் என்று யோசித்தால், நமக்கே சுருதி சேர்ந்துவிடும்.

ஹாண்டல் அதோடு விடவில்லை. லண்டனில், தெருவில் விடப்பட்ட குழந்தைகளுக்காக தாமஸ் கோரம் என்கிற கப்பல் கேப்டன் முயன்று 1739-ல் உருவாக்கிய காப்பகம் ஒன்று இருந்தது. அதன் சர்ச்சில் 1750 மே 1 அன்று ‘மெசையா’. டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே நுழைய முடியாமல் திரும்ப, மே 15 அன்று மறுபடி நடத்தினார்கள். அப்புறம் வருஷா வருஷம். மொத்தம் கிட்டத்தட்ட 7,000 பவுண்டு சேர்ந்தது. 1759-ல் காலமான ஹாண்டல், ‘மெசையா’வின் இசைக்குறிப்புப் பிரதி ஒன்றை அந்தக் காப்பகத்துக்கே உயில் எழுதிவைத்தார். கல்யாணமே செய்துகொள்ளாத மனுஷர்!

நம் கமிட்டிக்காரர்களுக்கு மூன்றே விஷயம். யாருக்கு என்பதை டிக்கெட்டிலேயே அச்சடியுங்கள். ஒரு டிக்கெட்டில் என்ன நடக்கும் என்பதையும் போடுங்கள்: இத்தனை நோட்டுப் புஸ்தகம், இத்தனை நாள் மருந்து. அடுத்த ஞாயிறு வரவு-செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். சால்வை போர்த்தாவிட்டால் கோபித்துக்கொள்கிறவரை அடுத்த வருஷம் கூப்பிடாதீர்கள், அவ்வளவுதான்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கொயர் தம்பி டிக்கெட் புஸ்தகமும் க்யூ.ஆர். கோடுமாக உங்கள் ஆபீஸ் சீட்டுக்கு வந்தால், ‘யார் பாடறாங்க?’ என்று கேட்காதீர்கள். ‘யாருக்குப் போகுது, எவ்வளவு போகுது?’ என்று கேளுங்கள். பதில் பட்டென்று வந்தால் தயங்காமல் ரெண்டு வாங்குங்கள். கூட வர ஆள் இல்லையா? பரவாயில்லை, பக்கத்து சீட்டில் ஹெல்மெட்டை வைத்துக்கொள்ளலாம்.