எழுதாத விடைக்கும் விலை உண்டு



காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலையை அடையலாம். சாமையும் மிளகும் பயிரிடும் ஒரு குடும்பத்தைச் சந்திக்க அண்மையில் அங்குச் சென்றிருந்தோம். அக்குடும்பத்தின் முதற் பட்டதாரியான இளைஞர் 2025 ஜனவரியில் எக்ஸ்.ஏ.டி. எனப்படும் மேலாண்மைப் படிப்பு நுழைவுத் தேர்வை எழுதியிருந்தார். தந்தையோ மனமுடைந்திருந்தார். "சாமி, எழுபத்தைந்துக்குப் பதினெட்டரை வாங்கியிருக்கிறான். தோற்றவனை இனி யார் சேர்ப்பார்கள்? திருச்செங்கோட்டு போர்வெல் லாரிக்கே அனுப்பிவிடுகிறேன்" என்றார்.

அவருக்கு மறுமொழி கூறுமுன் நாம் வெட்கப்பட வேண்டியிருந்தது. காரணத்தைப் பின்னர் கூறுவோம்.

இத்தேர்வை நடத்துவது ஜாம்ஷெட்பூரிலுள்ள எக்ஸ்.எல்.ஆர்.ஐ. நிறுவனம். 1949-ஆம் ஆண்டு இயேசு சபைக் குருக்கள் தொடங்கியது அது. சென்னை லயோலா வளாகத்தில் 1979-இல் தோன்றிய லிபா உள்ளிட்ட பல கல்லூரிகளும் இத்தேர்வின் மதிப்பெண்ணை ஏற்கின்றன.

2025-ஆம் ஆண்டுத் தேர்வில் மூன்று மணி நேரத்திற்கு 95 வினாக்கள் இருந்தன. மொழியும் தர்க்கமும் 26, முடிவெடுத்தல் 21, கணிதமும் புள்ளிவிவர விளக்கமும் 28. ஆக 75 வினாக்களுக்கு 170 நிமிடங்கள். எஞ்சிய 10 நிமிடங்களில் பொது அறிவு வினாக்கள் 20. இப்பொது அறிவுப் பகுதி தொடக்கத் தரவரிசையில் சேராது. முடிவெடுத்தல் பகுதி இத்தேர்வுக்கே உரிய சிறப்பு. தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையே சிக்கிய மேற்பார்வையாளர் நியாயமாக என்ன செய்ய வேண்டும் என்பது போன்ற வினாக்களுக்குச் சூத்திரம் உதவாது, நிதானமே உதவும்.

மதிப்பெண் முறையில்தான் நுட்பம் இருக்கிறது. சரியான விடைக்கு 1 மதிப்பெண். தவறுக்குக் கால் மதிப்பெண் கழிவு. எட்டு வினாக்கள் வரை விடையளிக்காமல் விடலாம். அதற்கு மேல் விடும் ஒவ்வொன்றுக்கும் 0.10 கழியும். பொது அறிவுப் பகுதியில் மட்டும் தவறுக்குக் கழிவில்லை.

இப்போது நமது வெட்கத்திற்கு வருவோம். தேர்வுக்கு முன் ஆசி பெற வந்த அவ்விளைஞரிடம், "உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுது, தெரியாததைத் தொடாதே, அதுவே நேர்மை" என்று அறிவுரை கூறியவர் நாமே. அவரும் அவ்வாறே செய்தார். 24 விடைகள் சரி, 8 தவறு, 43 வெற்றிடம். தவறுகளுக்கு 2 கழிந்து 22 ஆயிற்று. வெற்றிடங்களில் எட்டு போக எஞ்சிய 35-க்கு 3.5 கழிந்து 18.5 ஆயிற்று. தவறுகளைவிட மௌனமே அவருக்கு அதிக இழப்பைத் தந்தது!

ஒவ்வொரு வினாவிற்கும் ஐந்து விடைகள் தரப்படுகின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், சராசரியாக ஐந்து வினாக்களில் ஒன்று சரியாகும். மற்ற நான்கிற்கும் சேர்த்து 1 மதிப்பெண் போகும். ஆதாயமுமில்லை, நட்டமுமில்லை. இரண்டு விடைகள் தவறென்று உறுதியாகத் தெரிந்தால் நிலை மாறுகிறது. மூன்று வினாக்களில் ஒன்று சரி, இரண்டு தவறு என்றாலும் அரை மதிப்பெண் மிஞ்சும். விட்டவற்றுள் 20 வினாக்களில் இவ்வாறு ஈரிரண்டு விடைகளைத் தம்மால் நீக்க முடிந்தது என்றார் அவர். அவற்றுள் ஆறு மட்டும் சரியாகியிருந்தாலும் மொத்தம் 23 ஆகியிருக்கும். அறிந்த அளவைக் கொண்டு தீர்மானிப்பது பொய்யன்று என்பதை நாம் காலந்தாழ்ந்து கற்றோம்.

ஐ.ஐ.எம். நிறுவனங்களுக்கான கேட் தேர்வின் விதி வேறு. 2024-இல் 68 வினாக்கள், 120 நிமிடங்கள், மூன்று பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடங்கள். சரியான விடைக்கு 3 மதிப்பெண்; தெரிவு வினாவில் தவறினால் 1 கழிவு; விடையைத் தட்டச்சு செய்யும் வினாவில் தவறுக்குக் கழிவில்லை; வெற்றிடத்திற்கும் கழிவில்லை. ஆகவே ஒவ்வொரு தேர்வின் விதியையும் தனித்தனியே படித்தறிதல் வேண்டும்.

பெற்றோர் அறிய வேண்டியது மற்றொன்று. பள்ளித் தேர்வைப் போல் இங்கு 35 எடுத்தால் வெற்றி என்ற கோடு இல்லை. பெர்சன்டைல் என்பது சதவீதமன்று. 90 பெர்சன்டைல் என்றால், எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நமக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று பொருள். நூற்றுக்கு முப்பது வாங்கியவரும் வரிசையில் முன்னே நிற்கக்கூடும். மேலும் ஐ.ஐ.எம்.களில் பழங்குடியினருக்கு 7.5 சதவீத இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று 2011 முதல் திருச்சியிலேயே இயங்குகிறது.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் கணக்கிட்டுக் காட்டினோம். தந்தை நெடுநேரம் அத்தாளைப் பார்த்திருந்தார். "அப்படியானால் இவன் தோற்கவில்லையா, சாமி?" என்றார். "தோற்றது நமது அறிவுரை" என்றோம். மீண்டுமொரு முறை எழுதட்டும் என அவர் இசைந்தார். அதுவரை லாரி வேலைக்கும் போக வேண்டும் என்பது நிபந்தனை. இளைஞர் அத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

உங்கள் இல்லத்திலும் இத்தகைய தேர்வை எழுதும் பிள்ளை இருக்கலாம். அவருக்கு அறிவுரை கூறுமுன், தேர்வு விதியை ஒருமுறை வாசித்துவிடுங்கள். நாம் அதைச் செய்யத் தவறினோம்.