மெயில் போட்டாச்சு!

மக்களே, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பனிடம் "அந்த மாற்றத்தை எங்கேடா எழுதி வைத்திருக்கிறீர்கள்?" என்றால், "மேனேஜர் எல்லோருக்கும் மெயில் போட்டாச்சு" என்கிறான். சிரிக்காதீர்கள், இப்படி ஒரு விண்கலமே போயிருக்கிறது.

1999 செப்டம்பர் 23. செவ்வாய்க்கு மேலே சுமார் 226 கிலோமீட்டர் உயரத்தில் போக வேண்டிய நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர், 57 கிலோமீட்டருக்கு இறங்கித் தொலைந்தது. லாக்ஹீட் மார்ட்டினின் மென்பொருள் த்ரஸ்டர் உந்தல் கணக்கை பவுண்டு-செகண்டில் கொடுக்க, நாசா பக்கம் அதை நியூட்டன்-செகண்ட் என்று எடுத்துக்கொண்டார்கள். சுமார் 4.45 மடங்கு வித்தியாசம்!

எல்லோரும் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் மெட்ரிக்கில்தான் கொடுக்க வேண்டும் என்று ஆவணத்தில் எழுதியே இருந்தது. மென்பொருள் அதன்படி நடக்கிறதா என்று யாரும் சரிபார்க்கவில்லை. வழியில் கணக்கு இடித்தபோது, முறையான பிழைப் பதிவில் ஏற்றாமல் ஈமெயிலையே நம்பியிருந்தார்கள். விசாரணை அறிக்கை சொல்வது இது. பதிவேட்டில் ஏறிய சந்தேகத்துக்கு ஒருவர் பதில் சொல்லியே ஆக வேண்டும். மெயிலில் போன சந்தேகம் அடுத்த மெயிலுக்கு அடியில் போய்விடும்.

"கோடு எழுதுகிறவன் டாக்குமெண்ட் எழுத மாட்டேன் என்கிறான்" என்று புலம்பும் மேனேஜர்களே, அது உங்கள் வேலை சாமி! டெம்ப்ளேட்டை நிரப்பி அலமாரியில் அடுக்குவதைச் சொல்லவில்லை. என்ன முடிவு, யார் எடுத்தது, ஏன் என்று அன்றைக்கே ஒரு வரி. தீராத சந்தேகத்துக்கு ஒரு பெயர், ஒரு தேதி.

ப்ளஸ் ஒன் அக்கவுண்டன்சியில் குறிப்பேட்டுப் பதிவுக்குக் கீழே விளக்கக் குறிப்பு எழுதாவிட்டால் எங்களுக்கு மார்க் போய்விடும். வருஷக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதிய கணக்கை எந்த ஆடிட்டர் ஒத்துக்கொள்வார்? கோடிக்கணக்கில் ப்ராடக்ட் செய்கிறவர்களுக்கு மட்டும் என்ன சலுகை? :-)