கைக்குத் தொழில் உண்டு. தொழிலுக்குத் தாள் எங்கே?

தாராவியிலிருந்தும் ஆண்டாப் ஹில்லிலிருந்தும் சயான் கோலிவாடாவிலிருந்தும் விடியற்காலையில் நாக்காவுக்குப் புறப்படும் கூட்டத்தைப் பாருங்கள். கொத்தனார் இருக்கிறார், கம்பி கட்டுகிறவர் இருக்கிறார், வெல்டரும் வயர்மேனும் பெயிண்டரும் இருக்கிறார்கள். நூல் பிடிக்காமலே சுவர் நேராக நிற்கிறதா என்று கண்ணால் சொல்லிவிடுகிற கைகாரர்கள் அவர்கள். இப்போது காண்ட்ராக்டரின் மஸ்டர் ரோலைப் புரட்டுங்கள். இருபது ஆண்டு கரண்டி பிடித்தவரும் ‘ஹெல்பர்’. நேற்று தாதரில் வந்திறங்கிய பையனும் ‘ஹெல்பர்’!

எழுதிய குமாஸ்தாவுக்குக் கண் தெரியாமல் இப்படி எழுதவில்லை, தோழர்களே. 1948-ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ், திறன் இல்லாதவர், அரைத் திறனாளர், திறனாளர் என்று வகை பிரித்துத்தான் கூலி நிர்ணயித்து வந்தார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பும் அந்த வகைகளை வைத்திருக்கிறது. திறனாளரை உதவியாளாக எழுதினால் ஒவ்வொரு நாளும் அந்த வித்தியாசம் காண்ட்ராக்டரின் பையில் விழுகிறது. ஓவர்டைமும் பி.எஃப்.பும் அந்தக் கூலியை வைத்தே கணக்கிடப்படுகின்றன. சாரத்திலிருந்து விழுந்து செத்தால் மனைவி மக்களுக்கு வரும் இழப்பீட்டுக்கும் அந்தக் கூலியே கணக்கு. ஒரு சொல்லை மாற்றி எழுதி ஒரு குடும்பத்தின் வாழ்நாள் வருமானத்தையே அறுத்துவிடுகிறார்கள்.

ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கிறது: “சர்ட்டிபிகேட் இருக்கிறதா?”

இந்த நாட்டில் தாளுக்கு எவ்வளவு மரியாதை என்பது பழைய பம்பாய்த் தமிழர்களுக்குத் தெரியும். டைப்ரைட்டிங் லோயர், ஹையர், ஷார்ட்ஹாண்டு என்று சென்னை அரசின் தொழில்நுட்பத் தேர்வுத் தாளோடு வந்திறங்கியவர்கள் கோட்டைப் பகுதி ஆபீசுகளில் நாற்காலி பிடித்தார்கள். அந்தத் தாளை எந்தக் கம்பெனியும் ‘இது மதராஸ் தாள், இங்கே செல்லாது’ என்று திருப்பி அனுப்பவில்லை. 1966-இல் சிவசேனை தோன்றியபோது அதன் கோபம் முதலில் பாய்ந்ததே அந்த நாற்காலிகளின் மேல்தான். அதே இரயிலில், அதே திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பதனிட்டவனுக்கும் கல் சுமந்தவனுக்கும் கையில் தாள் இல்லை. விரலால் தட்டுகிற தொழிலுக்குத் தேர்வு வைத்த அரசு, உளியால் தட்டுகிற தொழிலுக்கு ஏன் வைக்கவில்லை? படித்தவன் தொழில் மட்டுமே தொழில் என்று நினைத்தவர்கள் அன்று கோப்பு எழுதினார்கள். வேறு என்ன காரணம் சொல்ல முடியும்?

வழி இல்லாமல் இல்லை என்பார்கள். உண்மை. 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது, ஐ.டி.ஐ.கள் எழுந்தன. 1961-இல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. தேசியத் தொழிற்சான்று கையிலிருந்தால் காஷ்மீரிலும் கேட்பார்கள், கன்னியாகுமரியிலும் கேட்பார்கள். ஆனால் மாநிலக் கவுன்சில் வழங்கிய சான்று என்று இன்னொரு தாளும் வழக்கத்தில் இருந்தது. பையன் எந்தத் தாள் வாங்குகிறான் என்று தெரியாமலே பணம் கட்டிச் சேர்த்துவிட்டு, வெளிமாநிலத்தில் வேலைக்கு மனுப் போடும்போது விழித்த பெற்றோர் நம்மில் எத்தனை பேர்!

மின்சார வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். வயரிங் செய்கிறவர் மாநில அரசு வழங்கிய, அல்லது மாநில அரசு ஏற்றுக்கொண்ட பர்மிட் வைத்திருக்கவேண்டும் என்பது மின் பாதுகாப்பு விதி. உயிரோடு விளையாடும் வேலை, விதி இருக்கட்டும். தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை அரசே நடத்துகிறது. பள்ளிப் படிப்பு அதிகமில்லாத, தொழிலில் பழகிய தொழிலாளியும் எழுதித் தேறலாம். அப்படித் தேறியவர் இங்கே வந்தால், ‘இது உங்கள் ஊர்த் தாள், இங்குள்ள உரிம வாரியத்தைப் போய்ப் பாருங்கள்’ என்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒரு விதமாகவும் மகாராஷ்டிரத்தில் வேறு விதமாகவுமா மின்சாரம் ஷாக் அடிக்கிறது? தென்காசியில் எடுத்த டிரைவிங் லைசென்ஸ் இந்தியா முழுவதும் செல்லும் என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது. பத்து டன் லாரியை நம்பிக் கொடுக்கிறவர்கள் ஒரு சுவிட்ச் போர்டை நம்பிக் கொடுக்க மாட்டார்களாம்! ‘அல்லது ஏற்றுக்கொண்ட’ என்ற சொற்கள் விதியிலேயே இருக்கின்றன. அவற்றுக்கு உயிர் கொடுக்க ஒரு அரசாணை போதும்.

வேலைக்கு மாநில வேலி போட நினைத்தவர்கள் உண்டு. தனியார் வேலையில் நூற்றுக்கு 75 உள்ளூர்க்காரருக்கே என்று ஹரியானா 2020-இல் சட்டம் செய்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. சட்டம் போட்டு அடைத்த கதவை நீதிமன்றம் திறக்கும். தாள் கேட்டு அடைக்கிற கதவை யார் திறப்பது?

‘நாங்கள் திறந்துவிட்டோம்’ என்கிறது மத்திய அரசு. 2013-இல் தேசியத் தகுதிக் கட்டமைப்பு என்று பத்துப் படி கட்டினார்கள். 2023-இல் அதை எட்டுப் படியாகத் திருத்தினார்கள். படிகளைக் குறைப்பதில் காட்டிய அக்கறையை ஆளை ஏற்றுவதில் காட்டியிருக்கலாம். 2015-இல் வந்த பிரதமரின் திறன் பயிற்சித் திட்டத்தில், ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்று தரும் பிரிவு ஒன்று உண்டு. எண்ணத்தை நாம் குறை சொல்லவில்லை. நாம் பல காலமாகக் கேட்டதும் அதைத்தான். ஆனால் அந்தச் சான்றைக் காட்டினால் திறனாளர் கூலி கொடுத்தே தீரவேண்டும் என்று எந்த முதலாளியையும் அத்திட்டம் கட்டவில்லை. சில நாள் வகுப்பு, ஒரு சோதனை, ஒரு சான்றிதழ், ஒரு போட்டோ. மறுநாள் அதே நாக்கா, அதே கூலி! கூலி ஏற்றாத சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டச் சுவராவது சொந்தமாக இருக்கிறதா நமக்கு? 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில் 30 கோடிக்கு மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள். பன்னிரண்டு இலக்க எண் வாங்கினார்கள். அதில் எழுதியிருக்கும் தொழில் அவரவர் வாயால் சொன்னது. அதை வைத்து எந்தக் காண்ட்ராக்டரிடம் வாதாட முடியும்?

தனித்தேர்வராக அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதலாமே என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். எழுதலாம்தான். பணி அநுபவச் சான்று கொண்டுவா என்பார்கள். நாக்காவில் நின்று இன்று ஒரு காண்ட்ராக்டரிடமும் நாளை இன்னொருவரிடமும் வேலை செய்கிறவனுக்கு யார் எழுதிக் கொடுப்பார்? ‘ஹெல்பர்’ என்று எழுதித் திறனாளர் கூலியைத் தின்றவரா, ‘இவர் தேர்ந்த கொத்தனார்’ என்று கையெழுத்துப் போடுவார்?

அடுத்த தலைமுறையையாவது ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாம் என்றால் டோமிசைல் சான்று கேட்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் அதற்குப் பதினைந்து ஆண்டு வாசத்தைக் காட்டவேண்டும். குடிசை இடிக்கப்படும் ஒவ்வொரு முறையும் காகிதமும் மண்ணோடு போகிறது. ஆதிதிராவிடக் குடும்பங்களின் நிலை இன்னும் கொடியது. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் வேலை தேடி வேறு மாநிலம் போனால் அந்தச் சலுகையை அங்கே உரிமையாகக் கேட்க முடியாது என்று 1990, 1994, 2018 ஆகிய ஆண்டுகளில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வுகள் தீர்ப்பளித்தன. இங்கே பட்டியல் சாதிச் சான்று வேண்டுமென்றால் 1950 ஆகஸ்டு 10-க்கு முன்பே குடும்பம் இம்மாநிலத்தில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும். தோல் பதனிட வந்த பாட்டன் எந்த ஆண்டு இரயிலேறினான் என்பதற்குப் பேரன் இன்று பத்திரம் காட்டவேண்டுமாம். சாதி நம்மோடு இரயிலேறி வருகிறது. சலுகை மட்டும் எல்லையில் இறங்கிவிடுகிறது.

தாய்மார்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண் பிள்ளை சித்தாளாகச் சேர்ந்து சில ஆண்டில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிவிடுகிறான். பெண் சித்தாளாகச் சேர்ந்து சித்தாளாகவே கிழவியாகிறாள். முப்பது ஆண்டு கலவை போட்டவளுக்கு எந்தக் கலவைக்கு எத்தனை மணல் என்று தெரியாதா? பூச்சு வேலை தெரியாதா? கரண்டியை அவள் கையில் கொடுக்காதவன் முதலாளி மட்டுமல்ல, நம் மேஸ்திரிகளும்தான்.

நம்மவர்களிடம் கேட்கவேண்டியது இன்னும் இருக்கிறது. பொங்கல் விழாவுக்கு மேடை, பட்டிமன்றம், விழா மலர், பொன்னாடை, இவை எல்லாம் நடக்கட்டும். அந்தச் செலவில் ஒரு பங்கை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு படித்த பிள்ளைகளை மேசை போட்டு உட்கார வைக்கக்கூடாதா? தேர்வு மனு நிரப்ப, கட்டணம் கட்ட, தேதி பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் எத்தனை வெல்டர்கள் வெறுங்கையோடு நிற்கிறார்கள்! தமிழ் வளர்ப்பதாகச் சொல்லும் மன்றங்கள், மும்பையில் இருக்கும் தமிழ்த் தொழிலாளி தமிழில் தொழிற்தேர்வு எழுத வழி வேண்டும் என்று ஒரு மனுவாவது கொடுத்தனவா?

அரசிடம் நாம் கேட்பது தானமன்று. சோதித்துச் சான்று கொடுத்தவன், அந்தச் சான்றுக்கு உரிய கூலியையும் சட்டமாக்கவேண்டும். ஒரு மாநிலத்தின் தொழில் பர்மிட்டை இன்னொரு மாநிலம் மறுதேர்வு இல்லாமல் ஏற்கவேண்டும். அநுபவச் சான்றுக்கு முதலாளி கையெழுத்தையே நம்பியிருக்காமல், பதிவு பெற்ற தொழிற்சங்கம் தரும் சான்றையும், கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தின் பதிவையும் ஏற்கவேண்டும். 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று வீதம் வசூலான பணம் வாரியங்களிடம் இருக்கிறது. தேர்வுக் கட்டணமும், தேர்வு நாளின் கூலி இழப்பும் அதிலிருந்து வரட்டும். நம் வேர்வையில் வந்த பணம் அது.

அதுவரை சும்மா இருக்கவேண்டியதில்லை. 2025 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ள தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் நியமனக் கடிதம் தரவேண்டும். ஊதியத் தொகுப்பின்படி கூலிச் சீட்டும் தரவேண்டும். இவற்றைக் கேட்டு வாங்குங்கள். நாளை அநுபவச் சான்று கேட்கிறவன் முகத்தில் நீட்ட இந்தத் தாள்கள் உதவும். தனியாகக் கேட்டால் வேலை போகும் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே ஒரே சைட்டில் இருப்பவர்கள் கூடிக் கேளுங்கள். இந்த வாரமே மஸ்டர் ரோலில் உங்கள் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘ஹெல்பர்’ என்று இருந்தால், செய்கிற வேலை, எத்தனை ஆண்டு, வாங்குகிற கூலி, சைட் இருக்கும் இடம் ஆகிய விவரங்களை எழுதி, உங்கள் வட்டாரக் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். எழுத வராதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை விட்டு எழுதச் சொல்லுங்கள்.