ஆற்றங்கரைக்கு ஏற்ற குடை

மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கு நோக்கினால், முதலில் காவிரியும், அதற்கப்பால் திருவரங்கமும், அதனையும் கடந்து கொள்ளிடத்தின் அகன்ற மணற்பரப்பும் நம் கண்ணில் படும். ஓய்வு நாட்களில் இவ்விரு ஆறுகளின் கரைகளிலும் தூண்டிலுடன் அமர்ந்திருப்போரைக் காணலாம். அவர்களுள் ஒருவரான நம் பங்கின் குடும்பத் தலைவர் அண்மையில் நம்மிடம் வந்து, "சுவாமி, இந்த விடுமுறையில் பையனும் என்னோடு வருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான். வெயிலில் அவனை எப்படி உட்கார வைப்பது? எந்தக் குடையை வாங்குவது?" என்று கேட்டார். கேள்வி சிறியதே. ஆயினும், ஒரு சிறுவனின் உயிரும் உடல்நலமும் அதில் அடங்கியிருப்பதால், இம்மாதம் அதனையே சிந்திப்போம்.

முன்னாட்களில் நம் ஆற்றங்கரைகளில் பனையோலைக் குடையும், மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொள்ளும் கொங்காணியுமே போதுமானவையாய் இருந்தன. இங்கிலாந்து போன்ற நாடுகளிலோ, கரையில் அமர்ந்து மீன் பிடிப்போருக்கென்றே பெரிய குடைகளும், இரவு தங்குவதற்குரிய சிறு கூடாரங்களும் விற்கப்படுகின்றன. அவை மழையையும் குளிரையும் எண்ணிச் செய்யப்பட்டவை. மூன்று புறமும் அடைத்த அத்தகைய கூடாரத்தைச் சித்திரை வெயிலில் கொள்ளிடக் கரையில் விரித்தால், அது நிழலாக இராது, அடுப்பாகவே இருக்கும். கோடையில் 40 பாகை செல்சியசையும் தாண்டி வெப்பம் ஏறும் நம் ஊருக்கு, மேலே நிழலும் நாற்புறமும் காற்றோட்டமும் தருவதே ஏற்றது.

முதலில் வெயிலைக் கவனிப்போம். கடையில் குடையை விரித்து வெளிச்சத்தின் எதிரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் துளித்துளியாக ஊடுருவி வந்தால் அத்துணி வேண்டாம். வெளிப்புறம் வெண்மையாகவோ வெள்ளிப் பூச்சுடனோ இருப்பின் வெப்பம் குறையும். உட்புறம் கறுத்திருந்தால் நீரிலிருந்து எழும் ஒளி கண்ணைக் கூசச் செய்யாது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. நீரும் மணலும் வெயிலைத் திருப்பி எறியும் தன்மையுடையவை. ஆதலின் குடைக்குக் கீழே இருப்பினும் முழுக்கைச் சட்டையும் தலைக்குத் துண்டும் குடிநீரும் அவசியம்.

அடுத்தது காற்று. ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றின் வலிமையைத் திருச்சி மக்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய குடையொன்று அக்காற்றில் படகின் பாயைப் போலாகிவிடும். அதைப் பிடித்திருக்கும் சிறுவனையும் நீரை நோக்கி இழுக்கும். எனவே கையில் பிடிக்கும் குடை அவனுக்கு ஆகாது. நடுவே காற்றுப் போக ஓர் இடைவெளி விட்டு, அதன்மேல் இரண்டாம் துணி போர்த்திய குடையே நலம். இரும்புக் கம்பி ஒருமுறை வளைந்தால் நிமிராது, துருவும் பிடிக்கும். கண்ணாடியிழைக் கம்பியோ வளைந்து மீண்டும் நிமிரும். குடைக்காம்பை வெறுமனே மணலில் ஊன்றினால் நிற்காது. இரண்டு வெற்றுச் சாக்குகளை எடுத்துச் சென்று, அங்கேயே மணலை நிரப்பி, காற்று வரும் பக்கத்தில் கயிற்றால் இழுத்துக் கட்டிவிடுங்கள். குடையின் முதுகு காற்றை நோக்கிச் சாய்ந்திருக்கட்டும்.

அளவு எவ்வளவு என்பீர்கள். தந்தைக்கும் மகனுக்கும் ஆறடி விரிவு போதும். தள்ளுவண்டிக் கடைகளில் காணும் பெருங்குடை நல்ல நிழல் தரும். ஆனால் அதன் அடித்தளத்தின் கனம் ஆற்றங்கரைக்கு உதவாது. காம்பு இரண்டாகக் கழன்று, சைக்கிளிலோ ஸ்கூட்டரிலோ கட்டிச் செல்லத் தக்கதாயிருத்தல் வேண்டும்.

இனி நாம் சொல்லப்போவதே தலையாயது. எத்துணை நல்ல குடையாயினும் அதனால் தடுக்க இயலாதவை இரண்டு உண்டு.

ஒன்று, மின்னல். கோடையின் மாலை வேளைகளிலும் ஐப்பசி மழையின்போதும் இடியுடன் மேகம் திரளுமாயின், திறந்த ஆற்றங்கரையில் ஓங்கி நிற்கும் குடை மின்னலை வரவேற்பதற்கு ஒப்பாகும். இன்று பலரும் வாங்கும் கார்பன் தூண்டிற்கழியும் மின்சாரத்தைக் கடத்தும். மின்னலைக் கண்ட 30 வினாடிக்குள் இடி கேட்டால், தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு உறுதியான கட்டடத்துக்குள்ளோ, கூரையுள்ள மோட்டார் வண்டிக்குள்ளோ சென்றுவிடுங்கள். மரத்தடி புகலிடமன்று. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை கரைக்குத் திரும்ப வேண்டாம்.

மற்றொன்று, வெள்ளம். கொள்ளிடம் பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடப்பதால் நம்மை ஏமாற்றும். மேட்டூரில் உபரி நீர் திறக்கப்பட்டால், முக்கொம்பிலிருந்து அது கொள்ளிடத்தில் விடப்படும். காலையில் மணல் திட்டாயிருந்த இடம் மாலையில் ஆறாகிவிடும். 1836இல் ஆர்தர் காட்டன் அமைத்த முக்கொம்பு மேலணையிலேயே, 2018 ஆகஸ்ட் 22ஆம் நாள் இரவு கொள்ளிடப் பக்கத்து மதகுகள் ஒன்பது வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதை நாம் மறக்கவில்லை. மதகுகளையே பெயர்த்த நீருக்கு நம் குடைக்காம்பு எம்மாத்திரம்? ஆகவே மதகுகளின் அருகிலும், ஆற்றின் நடுத்திட்டிலும் குடை விரிக்காதீர்கள். வெள்ள எச்சரிக்கை விடப்பட்ட நாட்களில் ஆற்றுப் பக்கமே செல்லாதீர்கள்.

நிழல் சுகமானது, அச்சுகமே, எழ வேண்டிய வேளையில் நம்மை உட்கார வைத்துவிடும். 'இன்னும் ஒரு கெண்டை விழட்டும்' என்று காத்திருப்பவனுக்குக் குடையே கண்ணியாகிவிடக் கூடும். ஆதலின் அக்குடும்பத் தலைவரிடம் நாம் கூறியது இதுவே: "விலையைப் பார்க்குமுன், கடையிலேயே மகன் கையில் குடையைக் கொடுத்து மடக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் அவன் தனியே மடக்கக் கூடியதை வாங்குங்கள். தூண்டில் போடக் கற்பிக்குமுன், எல்லாவற்றையும் விட்டுவிட்டு எழுந்து வரக் கற்பியுங்கள்."

அவர் சிரித்துக்கொண்டே, "நானும் அதைக் கற்க வேண்டியவன்தான், சுவாமி" என்றார்.