முஸ்லிம் காங்கிரஸா பிரித்தது?

ஈழத் தமிழர் கூடி அரசியல் பேசும்போது ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் மீது நான்கு குற்றச்சாட்டுகள் தவறாமல் எழும். தமிழ் பேசும் மக்களை அது பிரித்தது. மதத்தை அரசியலுக்குள் இழுத்து வந்தது. தேசியக் கட்சிகள் இருக்கும்போது தேவையில்லாமல் முளைத்தது. அமைச்சர் பதவிக்காக யாரோடும் சேரும். இந்த நான்கில் கடைசிக் குற்றச்சாட்டில் கணிசமான உண்மை உண்டு. மற்ற மூன்றும் நடந்ததைத் தலைகீழாக அடுக்கிச் சொல்பவை.

முதற் குற்றச்சாட்டை எடுப்போம். 1977 பொதுத்தேர்தலில் காங்கிரஸின் நிறுவனர் எம்.எச்.எம். அஷ்ரஃப் யாருடன் நின்றார்? தமிழர் விடுதலைக் கூட்டணியுடன். அவர் சார்ந்திருந்த முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணியின் வேட்பாளர்கள் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்திலேயே போட்டியிட்டார்கள். ஒருவரும் வெல்லவில்லை. 1981 செப்டெம்பரில் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸ் தொடங்கப்பட்டபோதும் அது ஓர் அமைப்பு மட்டுமே. 1986 இல்தான் அரசியல் கட்சியாகத் தன்னை அறிவித்தது. ஒன்றாக நடந்து பார்த்து, தமக்கு அங்கே இடமில்லை என்று உணர்ந்த பிறகே அவர்கள் தனிவழி போனார்கள்.

அதன்பின் வந்தவை அந்த முடிவை மேலும் உறுதியாக்கின. 1987 ஜூலையில் ஜே.ஆர். ஜெயவர்தனவும் ராஜீவ் காந்தியும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாயின. கிழக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினராக இருந்த முஸ்லிம்கள் ஒரே இரவில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்களாகச் சுருங்கினார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தமிழ்த் தலைமையும் வற்புறுத்தவில்லை. 1988 நவம்பரில் இணைந்த மாகாண சபைத் தேர்தலில் நின்று, 71 ஆசனங்களில் 17 ஐ வென்று காங்கிரஸ் எதிர்க்கட்சியானது. அந்த 17 ஆசனங்களைக் கொடுத்தது கேட்கப்படாதவர்களின் வாக்கு.

பிறகு 1990. ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தவருக்குக் கிடைத்த அவகாசம் சில மணிநேரம்தான். இதையெல்லாம் வைத்துக்கொண்டு, பிரிவைத் தொடங்கியது ஒரு கட்சியின் பதிவுப் பத்திரம் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? 2002 சமாதானப் பேச்சிலும் முஸ்லிம்களுக்குத் தனித்தரப்பு மறுக்கப்பட்டது. காங்கிரஸின் தலைவர் ரவூப் ஹக்கீம் அரச தூதுக்குழுவில் ஒருவராகத்தான் மேசைக்கு வர முடிந்தது.

மதக் கட்சி என்ற குற்றச்சாட்டுக்கு நீண்ட பதில் தேவையில்லை. காங்கிரஸின் யாப்பு குர்ஆனையும் சுன்னாவையும் முன்வைக்கிறது என்பது உண்மை. ஆனால் அது நடத்திய அரசியலின் பொருள் காணி, பாதுகாப்பு, பிரதேச செயலக எல்லை, வேலைவாய்ப்பு, பல்கலைக்கழகம். 1995 இல் ஒலுவிலில் உருவான தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் சிங்கள, தமிழ் மாணவரும் படிக்கிறார்கள். அஷ்ரஃப் தம் இறுதிக் காலத்தில் தேசிய ஐக்கிய முன்னணியைத் தொடங்கி எல்லா இனத்தாரையும் அழைத்தார். 2000 செப்டெம்பர் ஹெலிகொப்டர் விபத்து அவரையும் அந்த முயற்சியையும் கொண்டுபோனது.

தேசியக் கட்சிகளே போதும் என்பவர்கள் பதியுதீன் மஹ்மூதையும் ஏ.சி.எஸ். ஹமீதையும் காட்டுவார்கள். இருவரும் பெரிய அமைச்சர்கள்தான். ஆனால் அமைச்சரவையில் ஒரு முஸ்லிம் இருப்பது வேறு, அக்கரைப்பற்றிலோ மூதூரிலோ வயலை இழந்த விவசாயிக்காகப் பேச ஆள் இருப்பது வேறு. 1988 இல் அஷ்ரஃப் பிரேமதாசவிடம் பேரம் பேசி வென்றெடுத்தது இந்த வேறுபாட்டைக் காட்டும். மாவட்டமொன்றில் ஆசனம் பெற 12.5 சதவீத வாக்கு வேண்டும் என்றிருந்த வெட்டுப்புள்ளி, அரசியலமைப்பின் 15 ஆவது திருத்தத்தால் 5 சதவீதமானது. சிறிய கட்சிகள் அனைத்துக்கும் திறந்த கதவு அது. 2020 இல் தேசிய மக்கள் சக்தி கொழும்பில் பெற்ற வாக்கு பழைய வெட்டுப்புள்ளிக்கு வெகு கீழே. வெட்டுப்புள்ளி அப்படியே இருந்திருந்தால் கட்சித் தலைவர் அநுர குமார திசாநாயக்க அங்கே ஆசனம் பெற்றிருக்க முடியாது. நான்கு ஆண்டுகளில் அவர் ஜனாதிபதியானார். அவருடைய கட்சி 2024 நவம்பரில் அமைத்த 21 அமைச்சர் கொண்ட அமைச்சரவையில் ஒரு முஸ்லிம்கூட இல்லை. தேசியக் கட்சி போதும் என்பவர்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?

இனி, பதவி ஆசை. இதில் கட்சியைக் காப்பாற்ற நான் முயலப் போவதில்லை. 2020 இல் கொரோனாவைக் காரணம் காட்டி அரசு முஸ்லிம்களின் ஜனாஸாக்களைப் பலவந்தமாக எரித்தது. பிறந்து 20 நாளான குழந்தையும் தப்பவில்லை. அந்த நாட்களில், ஒக்டோபர் 22 அன்று, கோட்டாபய ராஜபக்சவின் கையில் அதிகாரத்தைக் குவித்த 20 ஆவது திருத்தத்துக்குக் காங்கிரஸின் உறுப்பினர் நால்வர் ஆதரவாக வாக்களித்தார்கள். தலைவர் எதிர்த்து வாக்களித்தார். வாக்களித்த மக்களுக்கு அந்த நால்வர் செய்ததைவிடப் பெரிய துரோகம் இல்லை. எனினும் இது இந்தக் கட்சி கண்டுபிடித்த நோயல்ல. 1956 இல் தமிழரசுக் கட்சியில் வென்ற கல்முனை, பொத்துவில் உறுப்பினர்கள் இருவரும் கட்சி மாறியபோது காங்கிரஸ் பிறந்திருக்கவேயில்லை. கட்சித் தாவலுக்கு எதிராக அது பின்னர் வழக்காடியும் இருக்கிறது: கட்சியிலிருந்து விலக்கப்பட்ட உறுப்பினர் நசீர் அஹமட் அமைச்சராக இருந்தபோதே, 2023 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பால் ஆசனத்தை இழந்தார்.

தமிழர் கேட்க வேண்டிய கேள்வி கல்முனையில் இருக்கிறது. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழுமையான செயலகமாக்கும் தமிழர் கோரிக்கைக்குக் காங்கிரஸ் காட்டும் எதிர்ப்பு நியாயமற்றது. கொழும்பு தங்களைக் கேட்காமல் எல்லை போட்டது என்று வருந்திய கட்சி, தன் அயலவருக்கு அதையே செய்யக்கூடாது. 2015 முதல் இரண்டரை ஆண்டுகள் கிழக்கு மாகாண சபையில் காங்கிரஸின் முதலமைச்சரும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் அமைச்சர்களும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்திருந்தார்கள். செயலகத்தைத் தரமுயர்த்தும் அதிகாரம் மாகாண சபையிடம் இல்லை. ஆனால் எல்லை எங்கே போக வேண்டும் என்று இரு தரப்பும் உடன்பட்டு, கொழும்புக்கு ஒரே குரலில் எழுதுவதைத் தடுத்தவர் யார்? அந்தக் கடிதம் எழுதப்படவேயில்லை. அதற்கு இரண்டு கட்சிகளும் பதில் சொல்ல வேண்டும்.