காலிப் பெஞ்சு

மணவூர்ப் பக்கம் டீக்கடைப் பெஞ்சு காலியாகத்தான் கிடக்கிறது. சேரியிலிருந்து வந்த பெரியவர் உட்காரவில்லை. "உக்காருங்க பெரியப்பா" என்றால், "இருக்கட்டும்பா, நின்னுக்கிறேன்" என்கிறார். யாரும் வாய்விட்டுத் தடுக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு 1950லேயே தீண்டாமையை ஒழித்துவிட்டது. பிறகு எது அவரை நிற்க வைக்கிறது?

'அடிமைப் புத்தி' என்று நம் மாணவத் தோழர்களே சொல்லிவிடுகிறார்கள். தவறு. பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியு (1930-2002) இதை 'ஹாபிடஸ்' என்றார். சின்ன வயசிலிருந்து வாழ்ந்த வாழ்க்கை உடம்பில் படிந்து, யோசிக்கும் முன்பே நம்மை நிற்கவும் குனியவும் வைக்கிறது. கை படாமல் சில்லறையை மேலிருந்து போடுகிறானே சாதி இந்து, அவன் கையிலும் அதே வரலாறுதான். அவனுக்கு அது லாபம்; நமக்கு நஷ்டம். பட்டம் வாங்கியும் நேர்காணலில் நமக்குக் குரல் கம்முகிறதே, அது என்ன புத்தி?

பழகியதை மாற்ற முடியும். பேச்சால் மட்டும் அல்ல. அம்பேத்கர் 1927 மார்ச்சில் மகாத் குளத்துத் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தார். பின்னால் வந்த ஆயிரக்கணக்கானோரும் குடித்தார்கள். அதே டிசம்பரில் அங்கே பெண்களிடம் சேலைக்கட்டையே மாற்றச் சொன்னார். உடம்பில் எழுதியதை உடம்பால்தான் அழிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நாளைக்குக் கூலிக்குப் பெரியவர் அந்த ஊர்க்காரன் நிலத்துக்குத்தான் போயாக வேண்டும். அந்த நிலைமை மாறாமல் பழக்கம் மட்டும் மாறாது. ஆகவே தோழர்களே, நிலத்துக்கும் கூலிக்கும் போராடுவோம். பெரியவருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அந்தப் பெஞ்சில் நாம் கூட்டமாக உட்காருவோம், தினமும். பக்கத்தில் அவருக்கும் இடம் விட்டு.